பிரபு கட்டிய ஊர், மிட்டாய் காப்பாற்றிய ஊர்

ஸ்டாக்ஹோமிலிருந்து தெற்கே ஹெல்சிங்போரி வரை போகும் ஈ4 நெடுஞ்சாலை, ஏறக்குறைய பாதி வழியில் ஒரு பெரிய ஏரியின் கிழக்குக் கரைக்கு வந்து சேர்கிறது. அங்கே மலை விளிம்பில், சாலையை ஒட்டி, கூரை இல்லாத ஒரு கல் மாளிகை நிற்கிறது. சுவர் இருக்கிறது, சன்னல் துளைகள் இருக்கின்றன, மேலே வெறும் வானம். நீண்ட தூரம் வண்டி ஓட்டி வருகிறவர்கள் இறங்கிக் கை காலை நீட்டிக்கொள்ளும் இடம் அது. அந்தச் சன்னல் துளை வழியாகக் கீழே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை வெட்டெர்ன் ஏரி. நடுவில் மெலிந்து நீண்ட ஒரு தீவு, வீசிங்சோ. தெற்கே, மலையடிவாரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரே தெருவாக நீளும் சிற்றூர், கிரென்னா.

மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர் இது. ஸ்வீடனில் இதைவிடப் பெரிய, இதைவிடப் பழைய ஊர்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் கிரென்னா என்ற பெயரைத் தெரியாத ஸ்வீடன்காரர் இருக்க மாட்டார். கேட்டால் முதலில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாயைச் சொல்வார்கள், அப்புறம் வட துருவத்துக்குப் பலூனில் போன ஒரு மனிதரைச் சொல்வார்கள். ஊரை உண்டாக்கிய பிரபுவின் பெயர் அதற்குப் பிறகுதான் வரும், அதுவும் வந்தால்தான். ஊரைக் கட்டியது யார், ஊரைப் பிழைக்க வைத்தது யார் என்ற கேள்விகளுக்கு இங்கே இரண்டு வேறு பதில்கள். இந்தச் சிற்றூரின் வரலாறு என்னை இழுப்பதற்குக் காரணமும் அதுதான்.

முதலில் ஏரி. ஸ்வீடனின் இரண்டாவது பெரிய ஏரி வெட்டெர்ன். பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர். வடக்கு தெற்காக நீண்டு, அகலம் குறைந்து, ஆழம் நூறு மீட்டரையும் தாண்டும். காற்று ஒரு முனையில் பிடித்தால் மறுமுனை வரை தடை கிடையாது. கண் இமைக்கும் நேரத்தில் கொந்தளிக்கும் ஏரி என்று கரையோர மக்கள் சொல்வார்கள். அதன் நடுவில் 14 கிலோமீட்டர் நீளமும் அதிகபட்சம் 3 கிலோமீட்டர் அகலமுமாகக் கிடக்கிறது வீசிங்சோ. விஸ்ட் என்ற அரக்கன், ஏரியைக் கடக்க மனைவிக்குக் கால் வைக்க இடம் வேண்டும் என்று ஒரு பிடி மண்ணைப் பிடுங்கிப் போட்டான், அதுதான் இந்தத் தீவு என்பது அங்கே வழங்கும் கதை.

கிரென்னா பிறப்பதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் தீவு பெரிய இடம். தெற்கு முனையில் நேஸ் என்ற கோட்டை இருந்தது. 12-ஆம் நூற்றாண்டின் ஸ்வீடன் மன்னர்கள் தங்கிய இடம். 1167-ல் மன்னர் கார்ல் ஸ்வெர்க்கெர்சன் கொல்லப்பட்டது அங்கேதான். 1290-ல் மன்னர் மாக்னுஸ் லாதுலோஸ் கண்ணை மூடியதும் இதே தீவில். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் எதிரி சட்டென்று வந்துவிட முடியாது, அதே சமயம் நாட்டின் நடுப்பகுதி. அரசர்கள் தீவைத் தேடி வந்ததற்கு வேறு காரணம் தேவையில்லை. 1318-ல் கோட்டை எரிந்தது. அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தீவைப் பற்றிப் பெரிய பேச்சு இல்லை.

திரும்பப் பேச்சு வந்தது பிராஹே குடும்பத்தால். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் மன்னர் 14-ஆம் எரிக், ஸ்வீடனில் முதன்முதலாகச் சில உயர்குடியினருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்து, அதோடு நிலப்பகுதிகளையும் எழுதிக்கொடுத்தார். அப்படிப் பெற்றவர்களில் ஒருவர் பேர் பிராஹே. வீசிங்சோவும் எதிர்க்கரையும் அவர் கைக்கு வந்தன. தீவில் வீசிங்ஸ்போரி என்ற மாளிகை எழுந்தது. ஆனால் கிரென்னாவின் கதைக்கு நாயகர் அவர் இல்லை, அதே பெயர் கொண்ட அவருடைய பேரன். 1602-ல் பிறந்து 1680-ல் இறந்த இளைய பேர் பிராஹே, அந்தக் காலத்து ஸ்வீடனில் அரச குடும்பத்துக்கு அடுத்தபடி பெரிய ஆள் என்று சொன்னால் மிகையாகாது. அரசி கிறிஸ்டினா சிறுமியாக இருந்தபோது நாட்டை நடத்திய குழுவில் இருந்தார். பிற்பாடு 11-ஆம் கார்ல் சிறுவனாக இருந்தபோதும் அதே பொறுப்பு. அப்போது ஸ்வீடனின் பகுதியாக இருந்த ஃபின்லாந்துக்கு இரண்டு முறை தலைமை ஆளுநர். துர்க்கு நகரில் 1640-ல் பல்கலைக்கழகம் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. ஃபின்லாந்தின் ராஹே என்ற ஊர் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

போகிற இடமெல்லாம் ஊர் உண்டாக்குகிற பழக்கம் உள்ள மனிதர், சொந்த மண்ணை மட்டும் விடுவாரா? 1652-ல் தீவுக்கு நேர் எதிரே, கிழக்குக் கரையில் ஓர் ஊரை அமைத்தார். பெயர் பிராஹே-கிரென்னா.

பிரபு ஏன் ஊர் கட்ட வேண்டும்? பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும். அடியில் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது. அன்றைய ஸ்வீடனில் நாட்டுப்புறத்தில் கடை போட்டு வியாபாரம் செய்ய அனுமதி கிடையாது. வணிகமும் கைத்தொழிலும் நகரங்களுக்குள் மட்டும் நடக்க வேண்டும் என்பது சட்டம். வரி வாங்கவும் கண்காணிக்கவும் அரசுக்கு அதுதான் வசதி. அப்படியானால் ஆயிரக்கணக்கான குடியானவர்களை வைத்திருக்கும் ஒரு பிரபுவுக்கு, தன் எல்லைக்குள்ளேயே சட்டப்படியான ஒரு நகரம் இல்லையென்றால், அவர் நிலத்தில் விளைவதெல்லாம் வேறொருவர் சந்தைக்குத்தான் போய்ச் சேரும். சொந்த நகரம் இருந்தால் சந்தையும் தனக்கு, சுங்கமும் தனக்கு. கிரென்னா பிறந்ததற்கு நான் புரிந்துகொண்ட காரணம் இது. இடமும் வசதியானது. பக்கத்தில் ரோத்லே என்ற கிராமத்தில், மேலே உள்ள பூன் ஏரியிலிருந்து ஓர் ஓடை வேகமாக இறங்கி வெட்டெர்னில் விழுகிறது. அந்த நீர் வேகத்தில் மாவு அரைக்கும் ஆலைகள் இடைக்காலத்திலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன.

ஊரின் அமைப்பு மிக எளிமை. மலைக்கும் ஏரிக்கும் நடுவில் அகலமான நேர்த் தெரு ஒன்று. அதன் இரு பக்கமும் மரவீடுகள், வீட்டுக்குப் பின்னால் தோட்டம். அந்தத் தெரு இன்றும் பிராஹே தெரு என்றே அழைக்கப்படுகிறது. தோட்டங்களில் பேரிக்காய் மரம் வைக்கச் சொன்னவரும் பிரபுதான் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். மலை மேற்குப் பக்கம் பார்த்திருப்பதால் சரிவில் வெயில் நன்றாக விழும், ஏரி குளிரைக் கொஞ்சம் தணிக்கும். பிரபு சொன்னாரோ இல்லையோ, பேரி மரங்கள் அங்கே செழித்தன. கிரென்னா பேரிக்காய்க்கு நாட்டில் தனிப் பெயர் உண்டு.

ஆரம்பத்தில் பார்த்த கூரையில்லாத மாளிகையும் இவர் கட்டியதுதான். பிராஹேஹுஸ். தான் முந்திப் போய்விட்டால் மனைவி கிறிஸ்டினா ஸ்டென்போக் நிம்மதியாக வாழ ஓர் இடம் வேண்டும் என்று நினைத்துக் கட்டினார். ஆனால் முந்திப் போனது மனைவி. 1650-ல் அவர் இறந்துவிட்டார். பிரபு அதன் பிறகு 30 ஆண்டுகள் இருந்தார். யாருக்காகக் கட்டினாரோ அவர் குடியேறாத மாளிகை, விருந்தாளிகள் தங்கும் இடமாகிப்போனது. 1708-ல் கீழே இருந்த கிராமத்தில் தீப்பிடித்தது. தீ மேலே ஏறி மாளிகையையும் பிடித்தது. அன்றைக்குப் போன கூரை திரும்ப வரவே இல்லை.

பிரபு இறந்தது 1680 செப்டம்பரில். அதே ஆண்டின் கடைசி மாதங்களில் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடாளுமன்றம், உயர்குடியினருக்கு முன்பு கொடுத்த பெரிய நிலங்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தது. ஓயாத போர்களால் கஜானா காலி. நிலமெல்லாம் பிரபுக்களிடம், வரி கட்டுவது மட்டும் குடியானவர்கள். 11-ஆம் கார்லுக்கு இதை மாற்றியே ஆக வேண்டியிருந்தது. பிராஹே குடும்பத்தின் பிரபுத்துவப் பகுதி போனது. ஊர்ப் பெயரின் முன்னால் இருந்த ‘பிராஹே’யும் காலப்போக்கில் கழன்று விழுந்தது. உண்டாக்கி 30 ஆண்டுகூட முழுமையாக முடியாத நிலையில், கிரென்னா தன் தந்தையையும் தன் பயனையும் ஒரே ஆண்டில் இழந்தது. தீவில் இருந்த வீசிங்ஸ்போரி மாளிகை அரசின் கைக்குப் போய், 12-ஆம் கார்லின் போர்க் காலத்தில் ரஷ்யப் போர்க் கைதிகளை அடைத்து வைக்கும் இடமானது. 1718-ல் அதுவும் எரிந்தது. இன்றைக்குக் கிரென்னாவிலிருந்து படகில் ஏறினால் சுமார் 25 நிமிடத்தில் தீவு வந்துவிடும். இறங்கியதும் கண்ணில் படுவது அந்த இடிபாடுதான்.

அதன் பின் ஒன்றரை நூற்றாண்டு ஊருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பெயருக்கு நகரம். உள்ளே இருந்தவர்கள் பாதி விவசாயி, பாதி கைவினைஞர். வளர்ச்சி இல்லாத இந்த நீண்ட காலத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. பணம் புரளும் ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுவார்கள். கிரென்னாவில் அதற்கு வழியில்லை. பிராஹே தெருவில் இன்று சுற்றுலா வருபவர்கள் நின்று படம் எடுக்கும் மரவீடுகள் தப்பிப் பிழைத்ததற்கு அந்த வறுமையும் ஒரு காரணம்.

தீவில் மட்டும் ஒரு விநோதமான வேலை நடந்தது. நிலம் அரசிடம் இருந்ததல்லவா? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் கடற்படைக்கு ஒரு கவலை வந்தது. போர்க்கப்பல் கட்ட ஓக் மரம் வேண்டும். அதுவரை குடியானவர் நிலத்தில் முளைத்த ஓக் மரம்கூட அரசுக்குத்தான் சொந்தம், வெட்டினால் தண்டனை. தன் வயலில் நிற்கும் மரத்தைத் தான் தொடக்கூடாது என்றால் யாருக்குத்தான் அந்த மரத்தைப் பிடிக்கும்? கன்று முளைத்தாலே மிதித்து அழித்துவிடுவார்களாம். அந்தக் கட்டுப்பாடு தளர்ந்ததும் மரங்கள் வேகமாக வெட்டுப்பட்டன. சரி, அரசே ஒரு காடு வைத்துவிடலாம் என்று 1831-ல் வீசிங்சோவில் நடத் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகளில் சுமார் 360 ஹெக்டேரில் ஏறக்குறைய மூன்று லட்சம் கன்றுகள். ஓக் மரம் கப்பலுக்குப் பக்குவமாக நூற்றைம்பது ஆண்டு ஆகும் என்பது நட்டவர்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கவாட்டில் பரவாமல் நேராக மேலே வளர வேண்டும் என்பதற்காக நடுநடுவே வேறு மரங்களையும் வைத்தார்கள். கொள்ளுப் பேரன் காலத்துப் போருக்கு அப்போதே மரம் வைத்த மனிதர்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. 1975-ல் வனத்துறையிலிருந்து கடற்படைக்குத் தகவல் போனது: நீங்கள் கேட்ட மரங்கள் தயார். கடற்படை அதற்குள் எஃகுக் கப்பலுக்கு மாறி ஒரு நூற்றாண்டே ஆகிவிட்டிருந்தது. காடு அங்கேயே நிற்கிறது, உள்ளே நடைபாதை போட்டிருக்கிறார்கள்.

ஓக் கன்றுகள் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் கிரென்னாவுக்கு அமாலியா வந்து சேர்ந்தார்.

1824-ல் யோன்ஷோப்பிங்கில் பிறந்தவர். கிரென்னாவுக்குத் தெற்கே, அதே ஏரியின் தென்முனையில் உள்ள நகரம். 1834-ல் அங்கே காலரா பரவியது. பத்து வயதில் குடும்பத்தை அந்த நோய்க்குப் பறிகொடுத்தார். வீட்டு வேலைக்காரியாகத்தான் கிரென்னாவுக்கு வந்தார். ஊர்த் தையல்காரர் ஆந்தெர்ஸ் எரிக்சனை மணந்தார். 1858-ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒன்று பிறக்கும்போதே உயிரில்லை. பிரசவம் முடிந்து சில நாட்களிலேயே கணவரும் நோயில் போய்விட்டார். கையில் ஈதா என்ற பெண் குழந்தை. வயது 34. சொத்து என்று ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு பெண் நினைத்தவுடன் கடை திறந்துவிட முடியாது. தொழில் செய்யும் உரிமை ஸ்வீடனில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது 1864-ல்தான். அதற்கு முன் கைம்பெண்களுக்கும் திருமணமாகாத பெண்களுக்கும் குறிப்பிட்ட சில தொழில்களில் இடம் கொடுத்தார்கள், அதுவும் நகர மன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். அமாலியா மனுப் போட்டார். 1859 ஜனவரி 10 அன்று அனுமதி கிடைத்தது: நல்ல பலகாரங்களும் போல்காகிரிஸும் (அந்தச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மிட்டாய்தான்) செய்து விற்கலாம். அனுமதியிலேயே அந்தப் பெயர் வருகிறது. மிட்டாய்க்குப் பெயர் சூட்டியது அமாலியாதானா, அல்லது புழக்கத்தில் இருந்த பெயரா என்று வாதம் செய்யலாம். என்னைப் பொறுத்தவரை அது பெரிய கேள்வி இல்லை. புதினா மிட்டாய் எந்த ஊரிலும் செய்திருப்பார்கள், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையை வளர்த்து, ஓர் ஊருக்கே அடையாளம் கொடுத்தது இவர்தான். போல்கா அப்போது ஐரோப்பா முழுக்கப் பைத்தியமாக ஆடிக்கொண்டிருந்த நடனம். கிரிஸ் என்றால் பன்றி, மிட்டாய்க்குப் பேச்சுவழக்கில் அப்படியும் ஒரு பெயர் இருந்தது.

செய்முறையைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம், ஏனென்றால் கிரென்னா கடைகளில் இப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இதைச் செய்துதான் காட்டுகிறார்கள். சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் வினிகர், புதினா எண்ணெய். அவ்வளவுதான் சாமான். சர்க்கரைப் பாகைக் கம்பிப் பதம் எல்லாம் தாண்டி, சொட்டுவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும் பதம் வரை காய்ச்ச வேண்டும். வினிகர் எதற்கு என்றால், பாகு பூத்துப்போய்ச் சர்க்கரையாகக் கட்டி தட்டாமல் இருக்க. நம் வீட்டில் பாகில் எலுமிச்சைச் சாறு விடுகிறோமே, அதே காரணம். எண்ணெய் தடவிய மேசையில் கொட்டி, ஓரத்தை உள்ளே மடித்து மடித்துப் பிசைவார்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அதில் ஒரு பகுதியைப் பிரித்துச் சிவப்பு சேர்ப்பார்கள். மிச்சத்தைக் கொக்கியில் மாட்டி இழுப்பது, மடிப்பது, திரும்ப இழுப்பது. தேன் நிறத்தில் இருந்த பாகு இழுக்க இழுக்க வெளுத்துக்கொண்டே வரும். உள்ளே புகும் காற்றுதான் அந்த வெள்ளை, சாயம் எதுவும் கிடையாது. ஜவ்வு மிட்டாய் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிறகு வெள்ளை உருண்டையின் மேல் சிவப்புப் பட்டையை ஒட்டி, உருட்டி முறுக்கி நீட்டினால், கோடு தானாகச் சுற்றிக்கொள்ளும். ஆறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். நேரம் தப்பினால் மொத்தமும் வீண்.

அமாலியா இந்தச் செய்முறையைக் கடைசி வரை வெளியே சொல்லவில்லை. ஏறக்குறைய நூறு வயது வாழ்ந்து 1923-ல் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் இந்த ஸ்மோலாண்ட் வட்டாரத்திலிருந்து கும்பல் கும்பலாக ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். கல் நிறைந்த மண், துண்டு துண்டான நிலம், பஞ்சம். ஓடிப்போக எல்லாக் காரணமும் இருந்த இடத்தில் ஒரு பெண் அடுப்படியிலேயே நின்று பிழைத்துக் காட்டினார். ஊரில் அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. அது அவருக்குத் தகும்.

அதே தெருவில், அமாலியா கடைக்கு அனுமதி வாங்கும்போது நான்கு வயதுச் சிறுவனாக ஓடிக்கொண்டிருந்தவர் சாலமோன் ஆகஸ்ட் ஆந்த்ரே. ஊர் மருந்துக்கடைக்காரரின் மகன், பிறந்தது 1854-ல். பொறியியல் படித்தார். 1876-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா கண்காட்சிக்குப் போய், ஸ்வீடன் அரங்கைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தார். அங்கே ஒரு பலூன்காரரின் பழக்கம் கிடைத்தது. ஊர் திரும்பிக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை, கையில் ‘ஸ்வேயா’ என்ற பலூன், மனதில் ஒரே திட்டம்: பலூனில் பறந்து வட துருவத்தைத் தொடுவது.

பலூன் காற்றின் போக்கில் போகுமே, திசை திருப்புவது எப்படி? ஆந்த்ரேயின் பதில் நீளமான கனத்த வடங்கள். அவை பனியின் மேல் உரசிக்கொண்டு வந்தால் பலூன் காற்றைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகும். வேகத்தில் வித்தியாசம் இருந்தால் பாய்மரம் கட்டித் திருப்பலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 1895-ல் அறிவியல் கழகத்தில் பேசினார், நாடே சிலிர்த்தது. ஆல்ஃப்ரெட் நோபெல் பணம் கொடுத்தார், மன்னர் ஆஸ்கர் கொடுத்தார். 1896-ல் ஸ்வால்பார்டுக்குப் போய்க் காத்திருந்தார்கள், காற்று ஒத்துழைக்கவில்லை. கூட இருந்த வானிலை ஆய்வாளர் நில்ஸ் ஏக்ஹோல்ம், பலூனில் ஹைட்ரஜன் கசிகிறது, இது போய்ச் சேராது என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டு விலகினார். பட்டுத் துணியின் தையல் துளைகள் வழியாக வாயு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை ஆந்த்ரே காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு பேர் பணமும் நம்பிக்கையும் தலைமேல் இருக்கும்போது, முடியாது என்று திரும்பி வருவதற்கு வேறு வகைத் துணிச்சல் வேண்டும்.

1897 ஜூலை 11 அன்று ‘ஓர்னென்’, அதாவது கழுகு, மேலே எழும்பியது. கூடவே நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெரி, க்னூட் ஃப்ரென்கெல் என்ற இரண்டு இளைஞர்கள். எழும்பிய சில நிமிடங்களிலேயே வடங்களின் பெரும்பகுதி திருகு கழன்று கீழே விழுந்துவிட்டது. திசை திருப்பும் கருவி அவ்வளவுதான். மூடுபனியில் பனிக்கட்டி படிந்து பலூன் கனத்து, தரையில் இடித்து இடித்துப் போய், மூன்றாம் நாள் பனிப்பரப்பில் அமர்ந்தது. அனுப்பிய தூதுப் புறாக்களில் ஒன்றை ஒரு நார்வே கப்பல்காரர்கள் சுட்டெடுத்தார்கள். அதன் காலில் இருந்த சீட்டில், எல்லோரும் நலம் என்றிருந்தது. அவர்களுக்கு என்ன ஆனது என்பது அதன் பிறகு 33 ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

1930 ஆகஸ்ட் 6 அன்று ‘பிராட்வோக்’ என்ற நார்வே கப்பலில் வந்தவர்கள், ஸ்வால்பார்டின் கிழக்குக் கோடியில் உள்ள வெள்ளைத் தீவில் அவர்களுடைய கடைசி முகாமைக் கண்டுபிடித்தார்கள். மூன்று பேரும் நகரும் பனியில் ஏறக்குறைய இரண்டரை மாதம் சறுக்கு வண்டி இழுத்து அலைந்து, அக்டோபரில் அங்கே கரை ஏறி, சில நாட்களில் இறந்திருக்கிறார்கள். குளிரா, களைப்பா, தின்ற பனிக்கரடி இறைச்சியில் இருந்த புழுவா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூடவே நாட்குறிப்புகள் இருந்தன. ஈரத்தில் ஊறிய ஃபிலிம் சுருள்களும் இருந்தன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெரி என்ற புகைப்பட வல்லுநர் அவற்றைக் கழுவி, 240 படங்களில் 93-ஐ மீட்டார். 33 வருடம் பனிக்குள் கிடந்த படச்சுருள் அது. விழுந்து கிடக்கும் பலூன், பக்கத்தில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு உருவங்கள். அந்தப் படத்தில் அவர்கள் முகம் தெரியாது, முதுகுதான். ஒருமுறை பார்த்தால் மறக்காது. அவர்கள் கொண்டுபோன பொருட்களில் பலவும் இன்று கிரென்னா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஏரி இன்னொரு கணக்கையும் வைத்திருந்தது. கிரென்னாவுக்கு ரயில் வரவில்லை. வெளியூர்த் தொடர்பு பெரும்பாலும் நீராவிக் கப்பலில்தான். அப்படி ஓடிய கப்பல் ஒன்றுக்குப் பிரபுவின் பெயர்: பேர் பிராஹே. 1918 நவம்பரில் ஓவியர் யோன் பௌவர், மனைவி எஸ்தெர், மூன்று வயது மகனோடு கிரென்னா துறையில் அதில் ஏறினார். காட்டு அரக்கர்களையும் இளவரசிகளையும் வரைந்து ஸ்வீடன் குழந்தைகளின் மனதில் இடம்பிடித்த ஓவியர் அவர். கிரென்னாவுக்கு அருகே பூன் ஏரிக்கரையில் வீடு. ஸ்டாக்ஹோம் போக ரயிலைத் தவிர்த்ததற்குக் காரணம் இருந்தது. முந்தைய மாதம் 1-ஆம் தேதி யேத்தோவில் மண் சரிந்து ரயில் கவிழ்ந்து குறைந்தது 42 பேர் இறந்திருந்தார்கள், ஸ்வீடனின் மிகப் பெரிய ரயில் விபத்து அது. கப்பலில் தையல் இயந்திரங்களும் இரும்பு அடுப்புகளும் ஏற்றியிருந்தார்கள். உள்ளே இடம் போதாமல் பாதிச் சரக்கு மேல்தளத்தில், சரியாகக் கட்டப்படாமல் இருந்தது. இரவில் புயல் பிடித்தது, சரக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது. அடுத்த துறையான ஹெஸ்த்ஹோல்மனுக்கு அரைக் கிலோமீட்டர் தூரத்தில் கப்பல் மூழ்கியது. இருந்த 24 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

கப்பல் காலம் முடிந்து சாலைக் காலம் வந்தபோதுதான் ஊருக்கு உண்மையான விடிவு. ஸ்டாக்ஹோமுக்கும் தெற்குக்கும் நடுவே இருந்த பழைய நாட்டுச் சாலை, பிராஹே தெரு வழியாகவே ஊருக்குள் புகுந்து போனது. கோடை விடுமுறைக்குக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பும் குடும்பங்கள் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெருகின. பின் சீட்டில் குழந்தைகள், வழியில் மிட்டாய்க் கடை. நிறுத்தாமல் போக முடியுமா? ஒரு கடை பலவாயின. நெடுஞ்சாலை மலைமேல் ஏறிப்போன பிறகும் ஜனங்கள் இறங்கி வந்தார்கள், பழக்கம் அப்படி. முந்நூறு வருடம் முன்பு பிரபு அகலமாக விட்ட தெரு, கார் நிறுத்த வசதியாகப் போயிற்று. அவர் எதிர்பார்த்த குடியானவர் சந்தை கூடவில்லை. குழந்தைகள் சந்தை கூடியது.

1971-ல் ஸ்வீடன் தன் உள்ளாட்சிகளை மறுபடி வகுத்தபோது, கிரென்னா தனி நகரம் என்ற நிலையை இழந்து யோன்ஷோப்பிங் நகராட்சியின் பகுதியானது. பேர் பிராஹே 1652-ல் கொடுத்த நகர உரிமை அத்தோடு முடிந்தது. மிட்டாயின் பெயருக்குச் சட்டக் காப்பு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ‘கிரென்னா போல்காகிரிஸார்’ ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பட்டியலில் ஏறிவிட்டது. போல்காகிரிஸை யார் வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். உறையில் கிரென்னா என்று போட வேண்டுமானால், அந்த ஊர்ப் பக்கம் வந்துதான் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும்.